புள்ளிக்கோட்டுத் தலைவன்

தலைவன் ஆவது என்று நான் முடிவு செய்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தே முக்கால் மணிக்கு. நேரம் எப்படி இவ்வளவு கச்சிதமாகத் தெரியும் என்றால், அப்போது வீட்டில் அசைந்துகொண்டிருந்தது கடிகார முள் ஒன்றுதான்.

மனைவி மலைக்குப் போயிருந்தாள். கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்று நினைக்க வேண்டாம். அப்படிப் போயிருந்தால் சமாதானம் பேசுகிற சாக்கில் நானும் பின்னாலேயே போயிருப்பேன். அவள் சந்தோஷமாகப் போயிருந்தாள். சிக்கலே அதுதான். ஒன்றரை வருஷமாக ஒரு மலைநடைக் குழுவோடு ஞாயிறு தவறாமல் போகிறாள். விடியற்காலை ஐந்தரைக்கு ஷூ மாட்டினால் மத்தியானம் இரண்டு மணிக்குத்தான் அதைக் கழற்றுவாள்.

மற்ற ஆறு நாளும் அவளுக்குக் கண் ஆஸ்பத்திரியில் வேலை. எழுத்துப் பலகைக்கு எதிரே ஆளை உட்காரவைத்து, ஒரு கண்ணைப் பொத்தி, "கீழ் வரி படிங்க" என்பாள். இருபது வருஷமாக இதையே சொல்லி வீட்டிலும் அந்தக் குரல் ஒட்டிக்கொண்டுவிட்டது. தேதி முடிந்த பால் பாக்கெட்டை நான் வாங்கி வந்தால், "கீழ் வரி படிச்சீங்களா?" என்பாள். நான் எந்தக் காலத்தில் கீழ் வரி படித்தேன்?

நானோ நில அளவை அலுவலகத்தில் முப்பத்து மூன்று வருஷம் மேப் வரைந்தவன். ஓய்வு பெற்றுப் பத்து மாதம் ஆகிறது. பிரிவு உபசார விழாவில், "இவர் இல்லாமல் இந்த அலுவலகம் திசை தெரியாமல் தவிக்கும்" என்று மேலதிகாரி கண்கலங்கினார். இன்றுவரை ஒரு போன் வரவில்லை. திசை கிடைத்துவிட்டது போலிருக்கிறது.

ஓய்வு பெற்ற புதிதில் அவள் என்னை மூன்று முறை கூப்பிட்டாள்.

"என்னங்க, ஞாயித்துக்கிழமை நீங்களும் வாங்களேன்."

"நானா? அந்த மலையை எத்தனை தடவை பேப்பர்ல ஏறி இறங்கியிருக்கேன் தெரியுமா? உங்க கூட்டத்துல போய் வரிசையில நிக்கச் சொல்றியா?"

மூன்று முறையும் இதே பதில்தான் சொன்னேன். நான்காவது முறை கூப்பிட்டால் போனால் போகிறது என்று சம்மதிக்கலாம் என்று வைத்திருந்தேன். நான்காவது முறை அவள் கூப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீடு எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். மேஜைமேல் தட்டால் மூடிய சாப்பாடு. தட்டின்மேல் ஒரு துண்டுச் சீட்டு: "சாப்பிட்டு அடுப்பை அணைச்சாச்சான்னு பாருங்க." அடுப்பை அணைத்துவிட்டேன். மறுபடி போய்ப் பார்த்தேன். அணைந்துதான் இருந்தது. நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பினேன். தெருவில் யாரும் இல்லை. நாற்காலியைத் திரும்பவும் உள்பக்கம் திருப்பினேன். உள்ளேயும் யாரும் இல்லை. பதினொரு மணிக்கு வெளியூரிலிருந்து மகள் போன் செய்வாள்.

"அம்மா இல்லையாப்பா?"

"மலைக்குப் போயிருக்கா."

"சரி, வந்ததும் கூப்பிடச் சொல்லுப்பா."

வாரத்தில் என்னோடு நடக்கும் மிக நீளமான உரையாடல் இது. மனைவி வந்ததும், "எப்படி இருந்தது?" என்று கேட்பேன். "நல்லா இருந்தது" என்பாள். அத்தோடு சரி. அதற்குமேல் கேட்கத் தன்மானம் விடாது. தன்மானத்தை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வது என்றும் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் எதிர்வீட்டுப் பல்டாக்டர் வாயைத் திறந்தார். வழக்கமாக அடுத்தவர் வாயைத் திறக்கிறவர்.

"விஷயம் தெரியுமா சார்? இனிமே மலைக்குக் கூட்டமாப் போனா, சான்றிதழ் வாங்கின தலைவர் ஒருத்தர் கூடப் போகணுமாம். வனத்துறை உத்தரவு. நம்ம ஸ்டேடியம் பின்னாடிகூட அதுக்குன்னு ஒரு பள்ளிக்கூடம் இருக்கு. எட்டு புதன்கிழமை சொல்லித்தராங்களாம்."

"அப்போ என் வீட்டுக்காரி போற குழுவுக்கு?"

"அவங்களுக்கும் சேத்துத்தான்."

பத்தே முக்கால் மணி முடிவு அதுதான். வரிசையில் ஒரு ஆளாக நின்றால்தானே கௌரவக் குறைச்சல்? தலைவனாகவே போய் நின்றால்? "எங்களுக்குத் தலைவர் இல்லையே" என்று அவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும்போது நான் விசிலோடு வந்து நிற்பேன். அவள் வாயடைத்துப் போவாள். அப்புறம் ஞாயிறு தோறும் நானும் அவளும் ஒன்றாக நடப்போம். கூட யார் வந்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

மனைவிக்குத் தெரியாமல் புதன்கிழமை பள்ளிக்குப் போனேன். பெயர் பதிவு செய்ய ஒரு படிவம் தந்தார்கள். பெயர், வயது, ரத்த வகை எல்லாம் மளமளவென்று எழுதிவிட்டேன். ஒரு வரியில் பேனா நின்றது. "அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டியவர்."

யார் பெயரைப் போடுவது? ஆபீஸில் பக்கத்து நாற்காலிக்காரர் மகனோடு வேறு ஊருக்குப் போய்விட்டார். மகள் இருப்பது ஒரு நாள் பயணத் தூரத்தில். அவள் வந்து சேருவதற்குள் என் அவசரம் முடிந்திருக்கும். பல்டாக்டரின் பெயர் எனக்குத் தெரியாது. பலகையில் பல்லைத்தான் படம் போட்டிருக்கிறார். முடிவெட்டுகிறவரைக்கூட ஒரு நிமிஷம் யோசித்தேன். அறுபது வருஷம் வாழ்ந்த மனிதனுக்கு ஆபத்து என்றால் ஓடிவர ஒரே ஒரு நம்பர்தான் இருந்தது. அதை எழுதிக் கொடுத்தேன். ரகசியமாக வந்த இடத்தில் யார் நம்பரை எழுதுகிறோம் என்ற புத்தி அப்போது வரவில்லை.

எங்கள் பயிற்சியாளருக்கு நான் வைத்த பெயர் விசில் மேடம். முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். கழுத்தில் விசில், இடுப்பில் கயிறு, குரலில் கண்டிப்பு.

"தலைவர்னா யாரு? முன்னாடி போறவரா?" என்று முதல் வகுப்பில் கேட்டார்.

"ஆமாம்" என்றேன் நான், எல்லோருக்கும் முந்தி.

"இல்லை சார். கடைசி ஆள் எங்க இருக்காருன்னு தெரிஞ்சவர்தான் தலைவர். ஒவ்வொரு திருப்பத்துலயும் நின்னு எண்ணுங்க. முதல்ல உங்களை எண்ணுங்க, ஒண்ணுன்னு. கடைசி ஆள் கை தூக்கணும். நல்ல குழுவுல அனுபவம் உள்ள ஒருத்தரைத்தான் கடைசியா நிறுத்துவாங்க."

இதெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு என்று விட்டுவிட்டேன். காம்பஸ் வகுப்பில், மேப்பை வடக்குக்குத் திருப்புவது எப்படி என்று சொல்லித்தந்தார்கள். மீனுக்கு நீச்சல் சொல்லித்தருவதைப் பார்க்கிற பெருந்தன்மையோடு சிரித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் ஆபத்துப் படிவம். மூன்று கட்டம். என்ன ஆபத்து, யாருக்கு ஆபத்து, என்ன செய்யலாம். போகிற வழி எதுவானாலும் முதலில் இதை நிரப்ப வேண்டும். "தப்பான வழின்னு தெரிஞ்சா திரும்பி வாங்க. திரும்பத் தெரியாதவங்களாலதான் விபத்து" என்று வாரம் ஒரு முறையாவது சொல்வார்.

வீட்டில் ரகசியமாகப் பயிற்சி செய்தேன். காம்பஸை உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு காய்கறிக் கடைக்குப் போனேன்.

"கடைக்குப் போய் ஒன்றரை மணி நேரமா?" என்றாள் மனைவி.

"கூட்டம்."

"தெருக்கோடியில இருக்கற கடைக்குப் போயிட்டு ஏன் அந்தப் பக்கத்துலேர்ந்து வரீங்க?"

"வடகிழக்கா போனேன்."

"தக்காளி எங்கே?"

"அது தெற்குல இருந்திருக்கு."

புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டாள். சிரிப்பைத் துடைத்தாள் என்று இப்போது தெரிகிறது.

இன்னொரு நாள் பரண்மேல் ஏறப்போனவளைத் தடுத்து நிறுத்தினேன்.

"இரு. ஏணி ஆடுது. என்ன ஆபத்து? விழறது. யாருக்கு ஆபத்து? உனக்கு. என்ன செய்யலாம்?"

"நீங்க ஏறலாம்" என்றாள்.

ஏறினேன். பரணைச் சுத்தம் செய்ய மூன்று மணி நேரம் ஆனது.

கடைசிப் புதன்கிழமை விசில் மேடம் தேர்வைப் பற்றிச் சொன்னார். ஒரு நிஜக் குழுவை நாங்கள் மலைமேல் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

"மதிப்பெண் போடறவங்க உங்க குழுவுலயே ஒருத்தரா நடந்து வருவாங்க. யாருன்னு சொல்ல மாட்டோம். சொன்னா அவங்களை மட்டும் விழுந்து விழுந்து கவனிப்பீங்க."

"நான் எல்லாரையும் ஒரே மாதிரி நடத்தறவன் மேடம். எனக்கு அந்த ஞாயித்துக்கிழமைக் குழுவைக் குடுங்களேன்" என்று மனைவியின் குழுவைக் கேட்டேன்.

"ஏன் சார்?"

"பழகின மலை."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, விசிலை எடுத்துத் துடைத்தார். "அப்படியே ஆகட்டும்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் ஷூ மாட்டும்வரை போர்வைக்குள் கண்ணை மூடிக் கிடந்தேன். கதவு சாத்தியதும் துள்ளி எழுந்து, ஆட்டோ பிடித்து, அவள் பஸ் வந்து சேரும் முன்னால் மலை அடிவாரத்தில் நின்றேன். தலையில் தொப்பி, கழுத்தில் விசில், கையில் நானே வரைந்த மேப். பஸ்ஸிலிருந்து பதினோரு பேர் இறங்கினார்கள். அவள் கடைசியாக இறங்கினாள். என்னைப் பார்த்தாள்.

"ஓ. நீங்களா?" என்றாள்.

அவ்வளவுதான். எட்டு வாரத் திட்டத்துக்கு எட்டு எழுத்துக்கூட இல்லை. அதிர்ச்சியில் பேச்சு வரவில்லை என்று எடுத்துக்கொண்டேன். தலைவன் என்ற முறையில் அவளை என் பக்கத்தில் நிறுத்தலாம் என்று பார்த்தால், "என் இடம் எப்பவும் கடைசி" என்று சொல்லி வரிசையின் பின்னால் போய்விட்டாள். எனக்கும் அவளுக்கும் நடுவே பத்துப் பேர்.

போகட்டும், இறங்கும்போது பார்த்துக்கொள்ளலாம், முதலில் தேர்வு என்று மதிப்பெண் போடுகிறவர் யாரென்று தேடினேன். கண்டுபிடிக்க ஒரு நிமிஷம் ஆகவில்லை. நெட்டையாக ஒருவர். யாரோடும் பேசவில்லை. கையில் நோட்டு. நாலு அடி நடப்பார், நிற்பார், எதையோ பார்ப்பார், எழுதுவார். பிடித்துவிட்டேன் பாருங்கள்.

அதற்குப் பிறகு நோட்டுக்காரருக்கு நடந்தது ராஜ உபசாரம். அவர் பையை நான் சுமந்தேன். அவர் தண்ணீர் கேட்கும் முன்பே மூடியைத் திறந்து நீட்டினேன். முள்ளை விலக்கி வழிவிட்டேன். காதோரமாக, "நான் எப்பவும் பாதுகாப்புக்குத்தான் முதலிடம் தருவேன்" என்று சொல்லிக்கொண்டே நடந்தேன். அவர் என்னையே பரிதாபமாகப் பார்த்தார். மெய்மறந்து பார்க்கிறார் என்று நினைத்தேன். திருப்பங்களில் எண்ணினேனா என்றால், முதல் திருப்பத்தில் எண்ணினேன்.

உச்சியைத் தொட்டுவிட்டுத் திரும்பும் வழியில் இரட்டைப் பாறைக்கு வந்தோம். அங்கே வழி இரண்டாகப் பிரிகிறது. எல்லோரும் இடப்பக்கம் திரும்பினார்கள்.

"நில்லுங்க. வலப்பக்கம்" என்றேன்.

"அந்தப் பக்கம் வழி கிடையாது சார்" என்றார் பேக்கரிக்காரர். குழுவில் எல்லோருக்கும் பன் கொண்டுவருகிற நல்ல மனிதர்.

"மேப்ல புள்ளிக்கோடு போட்டிருக்கு. ஒத்தையடிப் பாதை. ஓடையைத் தாண்டி நேரா ரோட்டுக்குப் போகுது. நாற்பது நிமிஷம் மிச்சம்."

"ஒன்றரை வருஷமா வரோம் சார், நாங்க பாத்ததில்லை."

"இந்த மேப்பை வரைஞ்சது யாருன்னு தெரியுமா உங்களுக்கு?"

சொன்னேன். மரியாதையாக நகர்ந்து வழிவிட்டார். கடைசியில் நின்றவளைப் பார்த்தேன். கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நோட்டுக்காரர் எதையோ எழுதினார். நிமிர்ந்து நடந்தேன்.

அரை மணி நேரம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு பாதை கொஞ்சம் மெலிந்தது. அப்புறம் பாதை மாதிரி இருந்தது. அப்புறம் முள்ளுக்கு நடுவே இடைவெளி மாதிரி இருந்தது. கடைசியில் ஒரு பாறை விளிம்பில் போய் நின்றோம். கீழே இரண்டு ஆள் உயரப் பள்ளம். அதன் அடியில் வழவழவென்று ஓடைக் கற்கள்.

மேப்பைத் திருப்பினேன். காம்பஸைத் திருப்பினேன். காம்பஸ் பிடிவாதமாக வடக்கைத்தான் காட்டியது. பின்னாலிருந்த பதினோரு பேரும் என் முதுகையே பார்த்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. உலகத்திலேயே தனியான இடம் ஞாயிற்றுக்கிழமை என் வீடு என்று நினைத்திருந்தேன். அது தப்பு. வழி தெரியாத தலைவனுக்கு முன்னால் இருக்கிற மூன்று அடி நிலம்தான்.

"பிடிச்சு இறங்கிடலாமா சார்?" என்றார் பேக்கரிக்காரர். பாவம், என்னை நம்பித்தான் கேட்டார். அவருக்குப் பின்னால் அறுபது வயதைத் தாண்டிய அக்காவும் தங்கையும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

சபலம் இல்லை என்று சொல்ல மாட்டேன். எப்படியாவது இறங்கி ஓடையைத் தாண்டிவிட்டால் ரோடு. மேப் பிழைக்கும். நானும் பிழைப்பேன். வரிசையின் ஓரமாகப் பின்னால் போய் அவள் பக்கத்தில் நின்றேன்.

"இறங்கினா ரோடு வந்துடும்" என்றேன் மெதுவாக.

"யார் சொன்னது?"

"மேப்பு."

"மேப் யார் வரைஞ்சது?"

"நான்தான்."

"அந்தப் பக்கம் நீங்க போனதே இல்லையே."

"என்ன உளர்றே? அளக்கப் போனேன். மழை வந்துடுச்சு. அதனால கொஞ்சம்..."

"மழையெல்லாம் இல்லை. எனக்கு ஜுரம்" என்றாள். "கல்யாணம் ஆகி மூணாவது மாசம். காலையில கிளம்பிப் போனவர் பதினோரு மணிக்கு நிலம் அளக்கற சங்கிலியும் கம்புமா வாசல்ல வந்து நிக்கறீங்க. என்ன ஆச்சுன்னு கேட்டேன். 'மலை எங்கேயும் ஓடிடாது'ன்னீங்க. வெந்நீர் வெச்சுக் குடுத்தீங்க."

எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. ஆபீஸில் மழை என்று சொன்னேன். சொல்லிச் சொல்லி நானே அதை நம்பிவிட்டேன். மறுநாள் மேஜையில் உட்கார்ந்து, இங்கே ஒரு பாதை இருந்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றிய இடத்தில் வரிசையாகப் புள்ளி வைத்தேன். முப்பத்தோரு வருஷமாக அந்தப் பொய்யை அரசாங்கம் அச்சடித்து விற்றுக்கொண்டிருக்கிறது.

அதற்குப் பிறகு நான் அப்படிப் பாதியில் வீடு திரும்பியதாக நினைவில்லை. வேலை, வேலை என்று மாதக்கணக்கில் முகாமில் கிடந்தேன். அவள் அப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்தாள் என்று எனக்குத் தெரியாது. நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பியிருப்பாள்.

"இரட்டைப் பாறைகிட்டயே சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"கேட்டீங்களா?"

முன்னால் போய் நின்றேன். தொண்டையைச் செருமினேன்.

"யாரும் இறங்க வேண்டாம். திரும்பிப் போறோம். பாதை இல்லை. மேப் தப்பு. வரைஞ்சவனும் தப்பு."

யாரும் சிரிக்கவில்லை. பேக்கரிக்காரர் என் கையில் ஒரு பன் கொடுத்தார். அப்படியே எல்லோரும் நின்ற இடத்தில் திரும்பினார்கள். வரிசை திரும்பினால் என்ன ஆகும் என்று நான் யோசித்திருக்கவில்லை. கடைசியில் இருந்தவள் முன்னால் ஆனாள். முன்னால் இருந்த நான் கடைசி. அவள் தயங்கவே இல்லை. வரும்போதே ஒவ்வொரு திருப்பத்திலும் கிளையில் ஆஸ்பத்திரிக் கட்டுத்துணியைக் கிழித்து முடிச்சுப் போட்டிருந்திருக்கிறாள். ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டே போனாள். வெள்ளைத் துணியைப் பார்க்கப் பார்க்க எனக்கே அடிபட்டது போலிருந்தது.

இறங்கும்போது நோட்டுக்காரர் என் பக்கத்தில் வந்தார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. நான் பறவை பாக்கறவன். வாராவாரம் எழுதிவைப்பேன். இன்னைக்கு நீங்க காதுகிட்ட பேசிக்கிட்டே வந்ததுல ஒண்ணுகூட வரலை."

நோட்டைக் காட்டினார். தேதி போட்டு, "காகம் 2" என்று எழுதியிருந்தது.

அடிவாரத்தில் மற்றவர்கள் டீ குடிக்கப் போனார்கள். அவள் ஒரு கல்லில் உட்கார்ந்து பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்தாள். அட்டையில் ஒரு படிவம். அதில் என் பெயர். கீழே மதிப்பீட்டாளர் என்ற இடத்தில் அவள் கையெழுத்து.

"நீயா?"

"நான்தான்."

"உனக்கு எப்படி..."

"போன வருஷம் சனிக்கிழமை சாயங்காலம் க்ளாஸ் போயிட்டு வரேன்னு சொல்வேனே. இந்த க்ளாஸ்தான்."

"தையல் க்ளாஸ்னு நினைச்சேன்."

"எந்த க்ளாஸ்னு நீங்க கேக்கலை. இந்தக் குழுவுக்குச் சான்றிதழ் வாங்கின தலைவர் இருக்காங்களான்னும் கேக்கலை. ஒரு வருஷமா நான்தான்."

"நான் வகுப்புக்குப் போறது எப்போ தெரியும்?"

"முதல் புதன்கிழமை பத்தரை மணிக்கு. அவசர நம்பர் சரியான்னு பாக்க மேடம் போன் பண்ணாங்க. 'இந்தப் பேர்ல ஒருத்தர் உங்க நம்பரைக் குடுத்திருக்கார், தெரிஞ்சவரா'ன்னாங்க. தெரிஞ்சவர்தான்னேன்." அட்டையை மடியில் வைத்தாள். "வேற யார் நம்பரும் இல்லையா உங்ககிட்ட?"

"இல்லை" என்றேன்.

அவள் கண்ணாடியைக் கழற்றி மறுபடி துடைத்தாள்.

"சொந்தக்காரங்க மார்க் போடலாமான்னு நானே மேடத்தைக் கேட்டேன். 'இரக்கப்படுவாங்கன்னுதான் கூடாதுங்கறோம். உங்ககிட்ட அந்தப் பயம் இல்லை'ன்னுட்டாங்க."

படிவத்தை என் கையில் கொடுத்தாள். வழி அறிதல்: பத்துக்கு இரண்டு. குழு நடத்துதல்: பத்துக்கு ஒன்று, குழுவில் ஒருவரை மட்டும் நடத்தினார். ஆபத்து கணித்தல் என்ற இடத்தில் மூன்று கட்டம். என்ன ஆபத்து? தலைவர். யாருக்கு ஆபத்து? பதினோரு பேருக்கு. என்ன செய்யலாம்? நான் கடைசியில் நடந்தேன். திரும்பும் முடிவு: பத்துக்குப் பத்து. மொத்தத்தில் தேர்ச்சி இல்லை.

மடித்துப் பையில் போடப்போனேன்.

"கீழ் வரி படிங்க" என்றாள்.

பொடி எழுத்தில் எழுதியிருந்தது: "மறுதேர்வுக்கு முன், பத்து ஞாயிற்றுக்கிழமைகள் இதே குழுவில் கடைசி ஆளாக நடந்து பழக வேண்டும்."

தேர்வில் தோற்று இவ்வளவு சந்தோஷப்பட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கடைசி என்றால் யார் இடம்? அவள் இடம். பத்து ஞாயிறு அவளும் நானும் பின்னால் பேசிக்கொண்டே நடக்கலாம். அதிகாரபூர்வமாக, கையெழுத்தோடு வந்த அழைப்பு. நான்காவது முறை கூப்பிட்டுவிட்டாள். சனிக்கிழமையே இரண்டு ஜோடி ஷூவுக்கும் பாலிஷ் போட்டேன். அவளிடம் கேட்க வேண்டிய கேள்விகளை ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். முதல் கேள்வி, "அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் நீ என்ன செய்தாய்?"

பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்காரலாம் என்று பார்த்தேன். மலைக்குக் கொண்டுபோகிற கயிற்று மூட்டை உட்கார்ந்திருந்தது. சரி, நடக்கும்போது பேசிக்கொள்ளலாம். அடிவாரத்தில் இறங்கி, வரிசையின் கடைசியில் போய் நின்று, எனக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நிற்க இடம் விட்டேன். அவள் என்னைத் தாண்டி, பறவைக்காரரைத் தாண்டி, அக்காவையும் தங்கையையும் தாண்டி, பேக்கரிக்காரரையும் தாண்டி முன்னால் போய் நின்றாள்.

"நீ இங்கே இல்லையா?" என்று கத்தினேன்.

"கடைசிக்கு ஆள் கிடைச்சாச்சே. இனிமே நான் நிம்மதியா முன்னாடி போகலாம்" என்றாள். விசிலை ஊதினாள்.

முதல் திருப்பத்தில் வரிசை நின்றது. அவள் திரும்பி எண்ண ஆரம்பித்தாள். தன்னைத் தொட்டு ஒன்று என்றாள். ஒவ்வொரு தலையாகக் கீழே வந்துகொண்டிருந்தாள். சட்டைப்பையில் சீட்டு இருந்தது. நான் கையைத் தூக்கினேன்.

முப்பத்தோரு வருஷமாக என்னை "என்னங்க" என்று கூப்பிட்டவள், "பன்னெண்டு" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.